மாப்பிள்ளையின் இடது கன்னம்

வெங்கடேஸ்வரிக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு நாற்காலி. அது ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம், பேண்டேஜ் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சஞ்சீவி அனிமேஷனின் உள்ளறையில், சுவரைப் பார்த்தபடி கிடந்தது. ஒரு கை உடைந்த நாற்காலிதான். ஆனால் அதில் உட்கார்ந்தவர் யாரோடும் பேச வேண்டியதில்லை.

அவள் இப்போது உட்கார்ந்திருந்தது மாடிப்படி வாசலில். படியேறி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவள் முகத்தில்தான் விழித்தார்கள். "ராஜா சார் இருக்காராம்மா?" "கீழ துணிக்கடை எப்பத் தொறப்பாக?" "இங்கன பாத்ரூம் எங்க இருக்கு?" எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்த பதில் "ம்". அந்த "ம்"மை நம்பிப் பூட்டிய துணிக்கடை முன்னால் வெயிலில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே, இன்றைக்கு எத்தனை பேர் பேசப் போகிறார்களோ என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

சஞ்சீவி அனிமேஷனில் செய்தது பெரிய சினிமா ஒன்றும் இல்லை. கல்யாண அழைப்பு வீடியோ. மாப்பிள்ளையையும் பெண்ணையும் பொம்மையாகச் செய்து, அவர்கள் சிரித்துக் கும்பிட்டு "அவசியம் வாங்க" என்று சொல்வதாகப் பத்து இருபது நொடி ஓடவிட்டு, கீழே பெரியப்பா சித்தப்பா பெயர்களை வரிசையாக விடுவார்கள். அந்தப் பெயர்களை அடிப்பது வெங்கடேஸ்வரியின் வேலை. முகங்களைச் செய்வது உள்ளறை நாற்காலிக்காரனான சுந்தரபாண்டியனின் வேலை.

பொம்மையின் முகத்தில் புருவத்துக்கு ஒன்று, இமைக்கு ஒன்று, வாயோரத்துக்கு ஒன்று என்று நிறையப் பிடிகள் இருக்கும். பிடித்து இழுத்தால் அந்த இடம் அசையும். இப்படிப் பிடிகள் பூட்டிய பொம்மைக்கு ரிக் என்று பெயர். சுந்தரபாண்டியன் ஒரு சிரிப்பைச் செய்ய முதலில் இடது பக்கத்துப் பிடிகளை ஒவ்வொன்றாக இழுப்பான். பிறகு டீ குடிப்பான். பிறகு வலது பக்கத்துப் பிடிகளை இழுப்பான். டீ குடித்துவிட்டு வந்த கை வேறு மாதிரி இழுக்கும். அவன் செய்த மாப்பிள்ளைகள் எல்லோரும் ஒரு கண்ணால் பெண்ணைப் பார்த்துச் சிரித்து, மறு கண்ணால் பஸ் வருகிறதா என்று பார்த்தார்கள்.

இதற்குத்தான் வெங்கடேஸ்வரி, கம்ப்யூட்டருக்குக் கட்டளை சொல்லும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். பஸ்ஸில் போக வர போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரு பொத்தானைத் தட்டினால் முகத்தின் இடது பாதி அப்படியே வலது பாதிக்குப் போய்விடும். இன்னொரு பொத்தானைத் தட்டினால் முகமே கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகத் திரும்பிவிடும்.

வீட்டில் தெலுங்கு பேசுகிற முதலாளி சஞ்சீவி ராஜா, மீசையை நீவிக்கொண்டே பொத்தானை உற்றுப் பார்த்தார்.

"ஏமம்மாயி, இது நெசமா வேல செய்யுமா?"

"ம்."

"ஸ்ரீவில்லிபுத்தூர் சாமி வீட்டு வேல ஒண்ணு வந்திருக்கு. அதுல போட்டுப் பாப்போம். நல்லா வந்துச்சுன்னா நீ உள்ள உக்காந்து மொகம் பண்ணு. வரலன்னா இனிமே வர்ற போனெல்லாம் நீதான் எடுக்கணும். சரேனா?"

போன் என்றதும் அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "ம்" என்றாள்.

அந்த வேலை, ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் இருக்கும் சம்பத்குமாருடைய மகன் த்ருவின் கல்யாணம். த்ருவ் சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பையன். அவன் அனுப்பியிருந்த செல்ஃபியைப் பார்த்து சுந்தரபாண்டியன் முகத்தைச் செய்தான். அந்த முகத்தில் விசேஷம் ஒன்று உண்டு. அவன் சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும், வாயும் அந்தப் பக்கமே ஏறிக்கொள்ளும். உடம்புக்கு, ஐயங்கார் வீட்டு மாப்பிள்ளை என்பதால் பஞ்சகச்சம் கட்டி, மார்பில் பூணூல் போட்டு, கும்பிட்ட கையோடு நிறுத்தினான். அந்தப் பூணூலையும் ரிக்கில் பிடி வைத்துப் பூட்டியிருந்தான். கும்பிடும்போது அது கொஞ்சம் ஆடினால் நன்றாயிருக்கும் என்பது அவன் எண்ணம்.

குழி விழுகிற கன்னத்தையும் வாயையும் மட்டும் விட்டுவிட்டு, வெங்கடேஸ்வரி முதல் பொத்தானைத் தட்டி ஸ்கிரிப்டை ஓட்டினாள். மாப்பிள்ளையின் மீசை மெதுவாக எழுந்து, மூக்கைத் தாண்டி, நெற்றியில் போய்த் திருமண்ணுக்குக் கீழே உட்கார்ந்தது.

சுந்தரபாண்டியன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். பிறகு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான்.

"ஏட்டி வெங்கி, இந்த மாப்பிள ஷேவ் பண்ணணும்னா தொப்பியக் கழட்டணுமே."

இரண்டு புருவத்துக்கு ஜோடி உண்டு, இரண்டு வாயோரத்துக்கு ஜோடி உண்டு. முகத்தின் நடுவில் இருக்கிற மூக்குக்கும் மீசைக்கும் தாடைக்கும் ஜோடி கிடையாது. ஜோடி இல்லாதவற்றை என்ன செய்வது என்று அவள் ஸ்கிரிப்டுக்குச் சொல்லவில்லை. அதனால் அது தனக்குத் தோன்றியபடி மீசையைப் புருவத்துக்குக் கட்டிவைத்துவிட்டது. நடுப்பிடிகளை இருக்கிற இடத்திலேயே திருப்பு என்று இன்னும் இரண்டு வரி எழுதினாள். மீசை இறங்கி வந்தது. மாப்பிள்ளை லட்சணமாகச் சிரித்தான். வீடியோவை அந்த வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார்கள்.

முதலில் த்ருவ் பதில் போட்டான். "சூப்பர். நானேதான்."

அடுத்து அவனுடைய அம்மா ஸாவித்ரியிடமிருந்து குரல் பதிவு வந்தது. சஞ்சீவி ராஜா சத்தமாகப் போட்டார்.

"எல்லாம் நன்னாருக்கு. ஆனா எம்பிள்ளைக்கு அந்தப் பக்கம் குழி விழாது. இந்தப் பக்கம்தான் விழும். பெத்தவளுக்குத் தெரியாதா? மாத்திடுங்கோ."

இதற்குத்தானே பொத்தான் இருக்கிறது. வெங்கடேஸ்வரி முகத்துப் பிடிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, பொத்தானைத் தட்டி, குழியை மறு கன்னத்துக்கு மாற்றி அனுப்பினாள். ஸாவித்ரி இரண்டு கை கூப்பிய படம் போட்டாள். அடுத்த நொடியே த்ருவ் எழுதினான். "என்ன சார் இது, யாரோ மாதிரி இருக்கேன். டெய்லி கண்ணாடில பாக்கற மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

திரும்பவும் பிடிகளைத் தேர்ந்தெடுத்துப் பழையபடி மாற்றினாள். ஸாவித்ரி இந்த முறை குரல் பதிவு போடவில்லை. நேராக போனிலேயே வந்துவிட்டாள்.

"ராஜா, நான் சொன்னா சொன்னதுதான். அவன் கெடக்கான். அவனுக்கு அவன் மூஞ்சியப் பத்தி என்ன தெரியும்?"

"சரிங்கம்மா, ஒடனே மாத்திருதோம்," என்று சொல்லிவிட்டு, சஞ்சீவி ராஜா போனைக் கையால் பொத்திக்கொண்டு வெங்கடேஸ்வரியைப் பார்த்தார். "அம்மா சொல்லுத பக்கமே வச்சு அனுப்பிரு. பையன் ரெண்டு நாள் மொறச்சுக்கிட்டு இருப்பான். அந்தம்மா ஆயுசுக்கும் மொறப்பாக."

சேத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மறுபடியும் முகத்துப் பிடிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க அவளுக்குப் பொறுமை இல்லை. தலையிலிருந்து கால்வரை எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்துப் பொத்தானைத் தட்டினாள். மாப்பிள்ளை நேராக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்ததால் பெரிதாக ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. குழி சொன்ன இடத்துக்குப் போயிருந்தது. அனுப்பிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை அவள் படியேறும்போதே சஞ்சீவி ராஜா எதிரே நின்றார். மீசை தொங்கியிருந்தது. போனை அவள் காதருகே நீட்டினார். மறுமுனையில் சம்பத்குமார்.

"கொழந்தே, நீதான் பண்ணினியா? எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் எப்போ செத்துப்போனேன்?"

"ம்?" என்றாள் வெங்கடேஸ்வரி.

அவர் கோபப்படாமல் விளக்கினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பூணூல் எப்போதும் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு வர வேண்டும். அதை வலது தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொள்வது பித்ரு காரியத்துக்கு, அதாவது அப்பா போன பிறகு தர்ப்பணம் பண்ணும்போது. த்ருவின் கல்யாண அழைப்பில் த்ருவ் பூணூலை வலது தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கன்னத்தில் குழி விழ, "அவசியம் வாங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். யாரும் கவனிக்கும் முன்பு ஸாவித்ரி, குழி சரியாக விழுந்த சந்தோஷத்தில், அதை எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பிவிட்டாள்.

"மதுரையிலேருந்து என் மச்சினன் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திண்டு, 'அத்திம்பேர் எப்போ போனார்? கல்யாணம் தள்ளிப்போயிடக் கூடாதுன்னு மறைச்சு வச்சிருக்கேளா?' அப்படிங்கறான். நான்தாண்டா பேசறேன்னேன். அப்புறம், 'சரி, ஜாக்கிரதையா இருங்கோ'ன்னுட்டு வச்சுட்டான்."

உள்ளறையில் சுந்தரபாண்டியன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறானா என்று பார்க்க அவள் போகவில்லை.

"நேர்ல வாங்கோ," என்றார் சம்பத்குமார். "என் கண் முன்னால சரி பண்ணுங்கோ."

சஞ்சீவி ராஜாவின் ஸ்கூட்டரில், லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறவரை அவள் வாயைத் திறக்கவில்லை. கோபுரம் தெரிந்ததும், "சார், நான் கீழ நிக்கேன், நீங்க போய்ப் பேசுங்க," என்றாள்.

"எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது வண்டி ஓட்டத்தான்."

அந்த வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தெரு முழுக்கப் பால்கோவா விற்கிற ஊரில், அவர்களுக்கு முன்னால் வைக்கப்பட்டது மேரி பிஸ்கட். அதிலிருந்தே நிலைமை புரிந்தது. சம்பத்குமார் நாற்காலியில் உயிரோடு, விரைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"பூணூல மாத்துறது ரெண்டு நிமிஷ வேல சாமி," என்று சஞ்சீவி ராஜா ஆரம்பித்தார்.

"அது சரி. குழி?" என்றாள் ஸாவித்ரி.

"அம்மா, குழி என் மூஞ்சில இருக்கு, உன் மூஞ்சில இல்ல," என்றான் த்ருவ்.

"உன் மூஞ்சியே நான் பண்ணினதுதாண்டா."

"ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தாத்தான் ஆச்சு," என்றார் சம்பத்குமார். "கமலினியையே கேட்டுடலாம்."

கமலினி என்பது மணப்பெண். வீடியோ அழைப்பில் வந்தாள். குழி இடம் மாறிய இரண்டு மாப்பிள்ளைப் பொம்மைகளையும் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியறது," என்றாள். "என் மூக்கு ஏன் கத்தரிக்கா மாதிரி இருக்கு?"

அவளை மெதுவாகத் துண்டித்தார்கள்.

கூடத்தில் மறுபடி சத்தம் எழுந்தது. இதற்கு ஒரு முடிவு வராவிட்டால் நாற்காலி போனது, போன் வந்தது என்று வெங்கடேஸ்வரிக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் லேப்டாப்பில் த்ருவின் செல்ஃபி திறந்திருந்தது. சட்டைப் பை கண்ணில் பட்டது. பை வலது மார்பில் இருந்தது. வலது பக்கம் பை வைத்த சட்டையை அவள் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்ற த்ருவ் அதே சட்டையைத்தான் போட்டிருந்தான். பை இடது பக்கம் இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். எழுந்துவிட்டோம் என்பது எழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "ம்" என்பது இங்கே போதாது.

"மாமி," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. "நீங்க சொல்லுத குழிய தொட்டுக் காட்டுங்க."

ஸாவித்ரி மகனின் கன்னத்தில் அழுத்தமாகக் குத்தினாள். இடது கன்னம்.

"சார், நீங்க கண்ணாடி முன்னால வந்து, உங்களுக்கு எங்க விழுதுன்னு தொடுங்க."

த்ருவ் பீரோக் கண்ணாடி முன்னால் போய், சிரித்துப் பார்த்து, விரலை வைத்தான். அதே இடது கன்னம். அம்மா குத்திய சிவப்புத் தடத்தின் மேலேயே விரல் இருந்தது.

மற்றவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரே கன்னந்தான்," என்றாள் வெங்கடேஸ்வரி. இனி நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று மூச்சுவிடாமல் பேசினாள். "சார் கண்ணாடில பாக்காக, அது திருப்பித்தான காட்டும். செல்ஃபியும் அவிய போன்ல திருப்பித்தான் விழுந்திருக்கு, பைய பாருங்க. நாங்க அந்த போட்டாவ வச்சுப் பண்ணுனதால குழி வலது கன்னத்துக்குப் போயிட்டு. சாருக்கு அது சரியாத் தெரியுது. மாமிக்குத் தப்பாத் தெரியுது. மாமி சொல்லுததுதான் ஊரு பாக்குற மொகம். சார் பாக்குற மொகத்த சாரத் தவிர இந்த ஒலகத்துல யாரும் பாத்ததே இல்ல."

த்ருவ் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்போ இத்தன வருஷமா நான் தலை வாரி விட்டது யாருக்கு?"

"அதான் வகிடு எப்பவும் கோணலா இருக்கா?" என்றார் சம்பத்குமார்.

வெங்கடேஸ்வரி தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். பொத்தானுக்குப் பக்கத்தில் சின்னக் கட்டம் ஒன்று முளைத்தது. "பூணூலைத் தொடாதே" என்று அதற்குப் பெயர் வைத்தாள். பழைய பொம்மையை எடுத்து, கட்டத்தில் டிக் போட்டு, பொத்தானைத் தட்டினாள். குழி இடது கன்னத்துக்குப் போனது. பூணூல் இடது தோளிலேயே நின்றது.

"அப்பாடா," என்றார் சம்பத்குமார், மார்பைத் தடவிக்கொண்டு. "பிழைச்சேன். அந்த டிக்கை எடுத்தா என்ன ஆகும்?"

டிக்கை எடுத்துத் தட்டினாள். பூணூல் வலது தோளுக்குத் தாவியது.

"போயிட்டேன். மறுபடி தட்டு."

தட்டினாள்.

"வந்துட்டேன். எங்க, நான் ஒரு தரம் தட்டறேன்."

அவர் தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். போனார், வந்தார், போனார், வந்தார். ஒவ்வொரு முறை வரும்போதும் கூடத்தைச் சுற்றி வெற்றிப் பார்வை பார்த்தார். மச்சினனுக்கு வீடியோ அழைப்பு போட்டு, "பாருடா, இப்போ போறேன்," என்று தட்டிக் காட்டினார்.

"போறும், என்ன விளையாட்டு இது," என்று ஸாவித்ரி பொத்தானைப் பிடுங்குகிறவளைப்போல லேப்டாப்பை நகர்த்தினாள். பிறகு உள்ளே போய்ப் பால்கோவா கொண்டுவந்து வைத்தாள்.

கடைசியில் கமலினியின் மூக்கையும் கொஞ்சம் இழுத்துவிட்டு, சரியான வீடியோவை அங்கேயே அனுப்பினார்கள். த்ருவ் மட்டும் வாசல்வரை பின்னால் வந்து, "எனக்கு மட்டும் அந்தப் பழைய மூஞ்சிய தனியா அனுப்ப முடியுமா?" என்று கேட்டான். அவள், "ம்" என்றாள்.

ஸ்கூட்டர் ஊர் எல்லையைத் தாண்டியதும் சஞ்சீவி ராஜா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மாயி, ஒனக்குள்ள இம்புட்டுப் பேச்சு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. ஏழெட்டுப் பேர ஒத்த ஆளா அடக்கிட்டியே. நாளைலருந்து கஸ்டமர் அம்புட்டுப் பேரையும் நீதான் பாக்கணும். போனும் நீயே எடு. ஒன்ன உள்ள உக்காத்துனா அது பாவம்."

வெங்கடேஸ்வரி லேப்டாப்பை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பேசாமல் இருப்பதற்காகத்தான் பேசினாள். பேசியதால் பேசுகிற வேலை வந்து சேர்ந்துவிட்டது. இனி இதையும் பேசித்தான் தள்ள வேண்டும்.

அவள் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"சார், என்னையக் கஸ்டமர்ட்ட விடாதீக. துணிக்கடைக்கு வந்தவுகளப் பூட்டுன கடைக்கு முன்னால நிக்க வச்சது நாந்தான். உங்க மாமனார் வந்தப்ப நீங்க இல்லன்னு தலையாட்டி அனுப்பிட்டேன், நீங்க உள்ளதான் இருந்தீக. பேரு அடிக்கப்ப ஒரு சித்தப்பாவ விட்டுட்டேன், அவிய சண்டைக்கு வந்தாக, நான் மேசைக்கு அடியில உக்காந்துகிட்டேன். பொறவு சார், சுந்தரபாண்டி அண்ணன் இருக்காகல்ல, அவிய எம்புட்டு நல்லாப் பேசுதாக. அந்த மீசைக்கு அவிய சொன்னது இருக்கே, அப்படிப் பேசுத ஆள உள்ள சொவத்தப் பாத்து உக்கார வச்சிருக்கீகளே, அது பாவமில்லையா?"

காற்றில் பாதி போனதால் சத்தத்தைக் கூட்டினாள். எதிரே லாரி வந்தபோது இன்னும் கூட்டினாள். ராஜபாளையம் வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. பஞ்சு மார்க்கெட்டில் வண்டி நின்றபோது சஞ்சீவி ராஜா இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"தாயீ," என்றார். "உள்ளயே உக்காரு. ஆனா பேசாம உக்காரு."

"ம்," என்றாள் வெங்கடேஸ்வரி.

கை உடைந்த நாற்காலி அவள் நினைத்ததைவிட ஆடியது. சுவரில் ஒரு பழைய காலண்டர் ஆணி மட்டும் இருந்தது. பார்க்க வேறு எதுவும் இல்லை. அவளுக்கு அது போதுமாயிருந்தது. வாசலில் சுந்தரபாண்டியன் வருகிறவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, மீசை நெற்றிக்கு ஏறின கதையை, தானே ஏற்றியதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தான். பெயர் அடிக்க மட்டும் அவனுக்குக் கை வரவில்லை.

ஒருநாள் அவன் உள்ளறைக்குள் தலையை நீட்டினான்.

"ஏட்டி வெங்கி, மகாராஜபுரத்துலருந்து பட்டாளத்து மாப்பிள வந்திருக்காக. யூனிபார்ம்லயே பொம்ம வேணுமாம். மெடல் எந்தப் பக்கம் குத்தணும்னு ஒனக்குத் தெரியுமா? அவியட்டயே கேக்க வெக்கமா இருக்கு."

அவள் ஸ்கிரிப்டில் "மெடலைத் தொடாதே" என்று இன்னொரு கட்டம் சேர்த்துக்கொண்டே, திரும்பாமல் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். அவனுக்கு எதிரே திரும்பி நின்று அதே கையைக் காட்டியிருந்தால் அவன் வலது பக்கம் என்று எழுதிக்கொண்டு போயிருப்பான்.